அரை மணி நேரம் உக்காரச் சொன்னாங்க

ஏனுங் தம்பி, ஊசி போட்ட கை உங்களுக்கு மரத்த மாதிரி இருக்குதுங்களா? இல்லீங்களா? எனக்கு இருக்குதுங்க. இந்தா, இந்த எடம். தொட்டாத் தெரியுது, விட்டாத் தெரியல. நர்சம்மாகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். அவிய டோக்கன் கூப்புட்டுட்டு இருக்காங்க.

காதுல வெச்சிருக்கறதை எடுக்க வேண்டாமுங்க. பாட்டுக் கேக்கறதுன்னாக் கேளுங்க. யார்கூடவாச்சும் பேசிட்டு இருந்தா பயம் தெரியாதேன்னு கேட்டேன், அவ்வளவுதான். எடுத்துட்டீங்களா? நல்லதுங்க.

என்னைய இங்க உக்கார வெச்சது பதினொண்ணு அஞ்சுக்குங்க. பதினொண்ணு முப்பத்தஞ்சு வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உங்களையும் அதே நேரத்துக்குத்தானே உக்கார வெச்சாங்க? ஏதாச்சும் ஆகறதா இருந்தா இந்த அரை மணி நேரத்துக்குள்ள ஆயிருமாம். மயக்கம், மூச்சு முட்டறது, உடம்பெல்லாம் தடிச்சுக்கறது. அதுக்குத்தான் அந்த மேசை மேல மருந்தெல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க பாருங்க. வெளிய ஆம்புலன்ஸு வேற நிக்குது. ஒண்ணும் பண்ணாத ஊசிக்கு ஆம்புலன்ஸு எதுக்குங்க? நீங்க யோசிச்சீங்களா? நான் யோசிச்சேன். யோசிச்சு ரெண்டு தடவை லைன்ல இருந்து வெளிய போயிட்டுத் திரும்பி வந்தேன்.

எனக்கு இந்த ஊரு இல்லீங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன். எங்க ஊர்லயும் வாரத்துல மூணு நாளு முகாம் நடக்குது. அதை ஊரு பூரா மைக்ல சொல்றதே நான்தானுங்க. ஆனா அங்க நான் போட்டுக்க முடியாது. ஏன்னு சொல்றேன். சொன்னா நீங்க சிரிக்கக் கூடாது.

என்ற பேரு வெள்ளியங்கிரி. ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு விளம்பரம் பண்றது தொழில். இருவத்தாறு வருசமா. ஜவுளிக்கடை திறப்பு, கோயில் நோம்பி, கரண்ட்டுக் கட்டு, தண்ணி ரெண்டு நாளைக்கு வராது, எல்லாம் என்ற கொரலுதான். சாவுச் செய்தியும் நாந்தான். கடைத் திறப்புன்னா மொதல்ல ஒரு பாட்டுப் போடுவேன். கோயில்னா சாமிப் பாட்டு. சாவுக்கு மட்டும் பாட்டுக் கெடையாதுங்க. தெரு மொனையில ஆட்டோவை நிறுத்தி, எஞ்சினை அமத்திப்போட்டு, சித்த நேரம் சும்மா இருந்துட்டு அப்பறம்தான் பேசுவேன். எங்க ஊரு சனத்துக்கு அது பழகிப் போச்சு. என்ற ஆட்டோ பாட்டு இல்லாம வந்து நின்னா, அடுப்பை அணைச்சுட்டு வெளிய வந்துருவாங்க.

என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா. இப்ப இல்லீங்க. மே மாசம், அந்த ரெண்டாவது அலையில போயிட்டா. நாப்பத்தேழு வயசு. சக்கரை இருந்துச்சு. ஊசி போடல. பயந்துட்டாளுங்க. பொம்பளைங்க மனசு தெரியுமில்லீங்களா, ஒண்ணைப் புடிச்சுக்கிட்டா விடாது. நாம என்ன பண்ண முடியும்.

தண்ணி குடிக்கலாமுங்களா ஊசி போட்டுட்டு? குடிக்கலாமா. உங்க பாட்டில் வேண்டாமுங்க, நான் கொண்டாந்திருக்கேன்.

இதுக்கெல்லாம் காரணம் ஒரு டாக்டருங்க. என்ற கோவம் பூராம் அவரு மேலதான். நேர்ல பாத்தவரு இல்ல, டிவில வர்றவரு. பொங்கலுக்கு அப்பறம் இந்த ஊசி வந்துச்சில்லீங்களா, அப்பப் பொழுதோட எட்டு மணிக்கு எந்தச் சேனலைத் திருப்புனாலும் அதே பேச்சுத்தான். நாலு கட்டத்துல நாலு தலை. ஒருத்தரு கட்சிக்காரரு, ஒருத்தரு அரசாங்கத்துக்குப் பேசறவரு, ஒரு பத்திரிகைக்காரரு, அப்பறம் இந்த டாக்டரு. நரைச்ச தாடி, தடிக் கண்ணாடி. மத்த மூணு பேரும் கத்துவாங்க. இவரு கத்த மாட்டாரு. அதுதானுங்க எனக்குப் பயமே. நான் கொரலை வெச்சுப் பொழைக்கறவன். கத்தறவன் பேச்சை நம்ப மாட்டேன். மெதுவாப் பேசறவன் சொன்னா நெஞ்சுல ஏறி உக்காந்துக்கும்.

"மூணாங்கட்டச் சோதனையோட கணக்கு எங்கே? அது வர்றதுக்குள்ள ஏன் அனுமதி குடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. அரசாங்கத்துக்குப் பேசறவரு, "எத்தனை பேரை வாரிக் குடுத்துட்டோம், அவசரம்னா அவசரந்தான்"னாரு. "அவசரம்னு எனக்கும் தெரியும். கணக்கைக் காட்டுங்க"ன்னாரு இவரு. காட்டலீங்க. யாரும் காட்டல. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், விளம்பரம் போட்டுட்டான்.

எனக்கு மூணாங்கட்டம்னா என்னன்னு தெரியாதுங்க தம்பி. மொத ரெண்டு கட்டமும் தெரியாது. ஆனா, சோதனை இன்னும் முடியலங்கற பேச்சுப் புரியுமில்லீங்களா? முடியாத ஒண்ணைக் கொண்டாந்து சனத்துக்குக் கையில குத்தறாங்கன்னு எனக்கு ஆயிப்போச்சு. அப்பறம் போன்ல வேற வந்துட்டே இருந்துச்சு. ஊசி போட்டவன் படிக்கட்டுல உழுந்தான், ஊசி போட்டவன் சோறு திங்கறப்பச் சாஞ்சான். எவன் அனுப்பறான்னே தெரியாது. நான் ஒண்ணு விடாமப் பாப்பேன். பாத்துட்டு மயிலாத்தாளுக்கும் காட்டுவேன்.

அவ ஊட்டுல ஜாக்கெட் தெச்சுக் குடுப்பாளுங்க. டிவி ஓடிட்டு இருக்கும், மிசினும் ஓடிட்டு இருக்கும். நான் எட்டரைக்கெல்லாம் எந்திருச்சு சோத்துக்குப் போயிருவேன். மீதியை அவதான் பாத்துட்டு இருப்பா.

ஏப்ரல் மாசம் பேரூராட்சி ஆபீஸ்ல கூப்புட்டாங்க. சூப்பர்வைசரு பத்மநாபன். நல்ல மனுசனுங்க. "வெள்ளியங்கிரி, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஊசி. ஊரு பூராச் சொல்லணும்"னாரு. எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா தொழிலுங்களே, மாட்டேன்னு சொல்ல முடியுமா? எழுதிக் குடுத்ததை வாங்கிக்கிட்டேன். கெளம்பறப்ப அவரு சொன்னாரு, "இது அரசாங்க விசயம். பாட்டுக் கீட்டுப் போட்டுட்டுப் போயிராதீங்க"ன்னு.

என்ன ஆயிருக்கும்னு நீங்களே சொல்லுங்க. பாட்டு இல்லாம ஆட்டோ போய் நிக்குது. எஞ்சினை அமத்தறேன். சனமெல்லாம் வாசலுக்கு வந்துருச்சு. "யாருங்க? யாரு போயிட்டாங்க?"ன்னு கேக்கறாங்க. நான் மைக்ல, "பொதுமக்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு, கொரோனா தடுப்பூசி முகாம்"னு ஆரம்பிக்கறேன். ஒரு கெழவரு கையெடுத்துக் கும்புட்டுட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. சாவுக்கும் ஊசிக்கும் ஒரே கொரலு, ஒரே மாதிரி. எவனுங்க வருவான்? மொத நாளு முகாமுக்குப் பதினோரு பேரு. அதுல நாலு பேரு பேரூராட்சி ஆளுங்க.

அடுத்த ரெண்டு வாரமும் பாட்டுப் போட்டுட்டுத்தான் போனேன். அப்பவும் வரல. சூப்பர்வைசரு தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து போன் மேல போன் வருதாம். "உங்க பேச்சுக்கு ஊர்ல மதிப்பு இருக்குதுன்னு நெனச்சேன் வெள்ளியங்கிரி"ன்னாரு. எனக்கு அது சுருக்குனு ஆயிப்போச்சுங்க. இருவத்தாறு வருசம். நான் சொன்னாக் கடைக்குக் கூட்டம் வரும். நான் சொன்னா எழவுக்குக் கூட்டம் வரும்.

மணி என்னங்க? பதினொண்ணு பதினேழுங்களா? சரியா ஓடுதுங்களா அந்தக் கடிகாரம்? சரிங்க.

அன்னிக்கு மத்தியானம் சந்தைப்பேட்டை மொனையில நிறுத்துனேன். எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேரு குழாயடில நிக்கறாங்க. ஒருத்தியும் திரும்பல. எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல தம்பி. காயிதத்தை மடிச்சுட்டு மைக்ல சொன்னேன். "நான் வெள்ளியங்கிரி பேசறேன். நானே ஊசி போட்டுக்கிட்டேன். போட்டுப் பத்து நாளாச்சு. ஒண்ணும் ஆகல. உங்க முன்னாடி கல்லாட்டம் நிக்கறேன், பாத்துக்கங்க. பயப்படாம வாங்க"ன்னு.

குழாயடில இருந்தவங்க எல்லாருமே திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தி கொடத்தைக் கீழ வெச்சுட்டுக் கிட்ட வந்து, "நெசமாவாண்ணா?"ன்னா. "நெசந்தான் அம்மிணி"ன்னேன்.

அடுத்த நாளு நூத்தி நாப்பத்திரெண்டு பேருங்க. லைன் பள்ளிக்கூடத்துக்கு வெளிய வரைக்கும் வந்துருச்சு. சூப்பர்வைசரு என்ற கையைப் புடிச்சுக் குலுக்கறாரு. அவருக்கும் நான் போடலைன்னு தெரியாது. யாருக்கும் தெரியாது. மயிலாத்தாளுக்கு மட்டுந்தான் தெரியும்.

பொய்யின்னு சொல்லாதீங்க தம்பி. தொழில்ல அப்படித்தான். "குறைந்த விலை, நிறைந்த தரம்"னு சொல்றேன், அந்தத் துணியை நான் கட்டியா பாத்தேன்? மைக்ல பேசறது வேற, ஊட்டுல பேசறது வேற. மயிலாத்தா அன்னிக்குப் பொழுதோட மிசினை நிறுத்திப்போட்டுக் கேட்டா, "எப்பங் மாமா போட்டீங்க?"ன்னு. "அது மைக்குக்குச் சொன்னது"ன்னேன். ஊசியில நூலைக் கோத்தா.

அப்பறம் அவகிட்ட ஜாக்கெட் தெக்க வர்றவங்கெல்லாம் இதையே பேசறாங்க. எதுத்த ஊட்டு பேபி ஒரு நா வந்து, "அக்கா, அண்ணன் சொல்லித்தான் நாங்க போட்டோம். நீங்க அண்ணன்கூடவே போய்ப் போட்டுட்டீங்களா?"ன்னு கேக்கறா. மயிலாத்தா அளவெடுத்துக்கிட்டே, "இனிமேத்தான் கண்ணு"ன்னா. நான் உள்ளிருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

ரெண்டு நாளு கழிச்சு வெடியால பாக்கறேன், குளிச்சுப்போட்டு, தலையைச் சீவி, பையில ஆதார் அட்டையை எடுத்து வெச்சுட்டு நிக்கறா. "எங்க?"ன்னேன். "முகாமுக்குங் மாமா"ன்னா. "உனக்குச் சக்கரை இருக்குது அம்மிணி. அந்த டாக்டரு என்ன சொன்னாரு? கணக்கே வரலைன்னு சொன்னாரில்ல?"ன்னேன். அதுக்கு அவ சொல்றா, "அவரு ஊசி போட வேண்டாம்னு சொல்லவே இல்லீங் மாமா. கணக்கைக் காட்டுங்கன்னு அரசாங்கத்தைத்தான் கேட்டாரு. எனக்கு மொறை வந்தா நானும் போட்டுக்குவேன்னு கடைசில சொன்னாரு. நீங்க பாதியில சோத்துக்கு எந்திருச்சுப் போயிட்டீங்க"ன்னு.

சொன்னாரோ சொல்லலையோ. சொல்லியிருந்தா மொதல்லயே சொல்லோணுமுங்களா இல்லீங்களா? கடைசில சொன்னா யாரு கேப்பா? அதுதானுங்க என்ற கோவம். நானெல்லாம் முக்கியமான சேதியைக் கடைசில சொன்னாத் தொழில் நடக்குமா?

அவ படியெறங்கிட்டா. நான் போயிக் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். சத்தமெல்லாம் போடல. "ரெண்டு மாசம் பொறு, எல்லாருக்கும் என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போலாம்"னேன். அவ, "ஊரையே போடச் சொல்லிட்டு என்னைய மட்டும் ஏங் மாமா புடிச்சு வெக்கறீங்க?"ன்னா. "ஊரு வேற, நீ வேற"ன்னேன். அன்பா சொன்னதுங்க அது. உங்களுக்குக் கலியாணம் ஆயிருச்சுங்களா? ஆயிருந்தாப் புரியும்.

இன்னொன்னும் இருந்துச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. முகாம்ல ஸ்டெல்லா நர்சு ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க. போட்டவங்க பேரு பூராம் அதுல இருக்கும். மயிலாத்தா போயி உக்காந்தா, வெள்ளியங்கிரி ஊட்டுக்காரியா, அவரு எந்த நாளு போட்டாருன்னு நோட்டைப் பெரட்டுவாங்க. என்ற பேரு இருக்காது. அவளுக்கும் பொய் சொல்ல வராதுங்க. கேட்டா முழிப்பா. அதுக்காகத்தான் புடிச்சு வெச்சேன்னு இல்ல. அதுவும் இருந்துச்சுன்னு சொல்றேன்.

வேர்க்குதுங்க எனக்கு. உங்களுக்கு வேர்க்குதுங்களா? பேன் ஓடுது, வேர்க்குது. இது ஊசியினாலயா இருக்குமோ? நர்சம்மா இந்தப் பக்கம் பாத்தாங்க, சிரிச்சாங்க. ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டாங்க போல.

மே மாசம் பொறந்துச்சு. தெனமும் நாலு சாவு, அஞ்சு சாவு. காலைல ஆட்டோவை எடுத்தா பொழுதெறங்கற வரைக்கும் வெறும் சாவுச் செய்திதான். எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஆனா பாருங்க, நான் சொல்லி ஊசி போட்ட அந்த நூத்தி நாப்பத்திரெண்டு பேர்ல ஒருத்தரோட பேரும் என்ற வாயில வரல. காச்சல் வந்துச்சு, படுத்தாங்க, எந்திருச்சுட்டாங்க. அதை நான் கணக்குப் பாக்கல. மயிலாத்தாதான் பாத்துச் சொன்னா. "பேபிக்கு வந்து போயிருச்சுங் மாமா"ன்னா. அப்ப அவளுக்கும் இருமல் ஆரம்பிச்சிருந்துச்சு.

மூணாம் நாளு மூச்சு வாங்குச்சு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். படுக்கை கெடைச்சதே பெருசு. நல்லாத்தான் பாத்தாங்க, கொறை சொல்ல மாட்டேன். சேக்கறப்ப ஒரு சின்னப் பையன் டாக்டரு, மூஞ்சியெல்லாம் மூடிக்கிட்டு, சீட்டு எழுதறான். "ஊசி போட்டீங்களாம்மா?"ன்னு கேட்டான். நான் தரையைப் பாத்தேன். மயிலாத்தா என்னைய ஒருக்காப் பாத்தா. மூச்சு விட முடியாம சொல்றா, "இல்லீங்க. நாந்தான் பயந்துட்டனுங்க"ன்னு.

அவளே சொன்னதுங்க தம்பி. நான் சொல்லச் சொல்லல. அவளேதான் சொன்னா.

அஞ்சாம் நாளு மத்தியானம் போயிட்டா. பையில சுத்தி, சுடுகாட்டுக்கு நேரா கொண்டு போயிட்டாங்க. என்னைய முப்பதடி தள்ளி நிக்க வெச்சாங்க. எங்க பொண்ணு, பாப்பா கௌசல்யா, பல்லடத்துல, நெறமாசம், வர முடியல.

ஊருக்குச் சொல்லணுமில்லீங்களா? எங்க ஊர்ல வேற மைக் கெடையாது. யாரைக் கூப்புடறது? நானே போனேன். பாட்டு இல்லாம நிறுத்துனேன். "மைக்செட் வெள்ளியங்கிரி அவர்களின் மனைவியும், கௌசல்யாவின் தாயாருமாகிய"ன்னு ஆரம்பிச்சேன். சொல்லிட்டேன். முழுசாச் சொல்லிட்டேன். கடைசில, யாரும் வர வேண்டாம், அடக்கம் முடிஞ்சுதுன்னும் சொன்னேன். சொல்லி முடிச்சுட்டுத் தலையைக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பேபி ஆட்டோகிட்ட ஓடியாந்து அழுகறா. "அக்கா ஊசி போடலீங்களாண்ணா? நீங்க போட்டீங்களே, அக்கா ஏண்ணா போடல?"ன்னு. நான் சொன்னேன், "அவ பயந்துக்கிட்டா அம்மிணி. எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

மைக்கு ஆன்ல இருந்துச்சுங்க.

தெரு பூராக் கேட்டுருச்சு. வாசல்ல நின்னவங்க எல்லாம் தலையை ஆட்டறாங்க. அமத்தறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு. அதுக்கு மேல அதை எப்படிங்க திருப்பி எடுக்கறது? நானும் ஏற்கெனவே ஊசி போட்டேன்னு ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறேன்.

பத்து நாளு கழிச்சு சூப்பர்வைசரு ஊட்டுக்கே வந்தாரு. எங்கூட உக்காந்து அவரும் அழுதாரு. அப்பறம் சொன்னாரு, "வெள்ளியங்கிரி, இன்னும் பாதி ஊரு போடல. உங்க ஊட்டுல நடந்ததை உங்க வாயால சொன்னீங்கன்னா நாலு உசுரு பொழைக்கும்"னு. அவரு சொன்னதுல தப்பு இல்லீங்க. நானும் போய்ச் சொன்னேன். ஒரு வாரம். "என் மனைவி பயந்துகொண்டு ஊசி போடவில்லை, இன்று அவர் இல்லை, அவரைப் போல நீங்களும் பயப்படாதீர்கள்"னு தெருத் தெருவாச் சொன்னேன். கூட்டம் அப்படி வந்துச்சுங்க. சாயங்காலத்துக்குள்ள மருந்து தீந்து போயிரும். போற எடமெல்லாம் சனம் கும்புடறாங்க, பொண்டாட்டி போயும் ஊருக்காக நிக்கறானேன்னு. ஒரு வாரம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்து உக்காந்தேன். அந்தத் தையல் மிசினைப் பாக்க முடியல. சாக்கைப் போட்டு மூடி வெச்சேன்.

எவனோ அதைப் போன்ல படம் புடிச்சு அனுப்பியிருக்கான். அது பல்லடம் வரைக்கும் போயிருச்சு. பாப்பா கூப்புட்டா. அவளுக்குக் கொழந்தை பொறந்து பத்து நாளு, பொண்ணு. நான் பேத்தி பொறந்த பேச்சுன்னு நெனச்சு எடுத்தேன். எடுத்ததும், "அம்மா பயப்படலப்பா"ன்னா. "படியெறங்குனதும் நீ கையைப் புடிச்சு இழுத்ததும் அன்னிக்கே அம்மா எனக்குப் போன்ல சொல்லிட்டா. அப்பாகிட்டக் கேக்காத கண்ணு, பாவம், பயந்து போயிருக்கறாருன்னு சொன்னா"ன்னா.

எனக்கு வாயே வரலீங்க. இந்த வாயி.

"நீ இன்னும் ஊசி போடல, எனக்குத் தெரியும்"னா. "போட்டுட்டு அங்கியே அரை மணி நேரம் உக்காந்து பாரு. எதுக்குப் பயந்து எங்கம்மாளை உள்ள கூட்டிட்டு வந்தியோ, அது என்னன்னு பாரு. என்ன ஆச்சுன்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்லு. அதுக்கப்பறம் கொழந்தையைப் பாக்க வரலாமா வேண்டாமான்னு சொல்றேன்"னு வெச்சுட்டா. அதுக்குத்தான் வந்தேன் தம்பி. அதுக்குத்தான் இந்த ஊருக்கு வந்து உக்காந்திருக்கேன்.

நேத்துப் பூராத் தூக்கமில்ல. பஸ்ஸுல வர்றப்பச் செத்துப் போயிருவேன்னே நெனச்சேன். சட்டைப் பையில அட்ரஸ் எழுதி வெச்சிருக்கேன், இந்தா பாருங்க. பாப்பா நம்பரு, எங்க ஊரு பேரு, எல்லாம். எங்கயாச்சும் உழுந்துட்டா யாராச்சும் பாத்துச் சொல்லட்டும்னு.

முப்பத்தஞ்சு ஆயிருச்சுங்களா? எங்க? ஆமா, ஆயிருச்சு.

வர்றாங்க நர்சம்மா. "ஏனுங் அம்மிணி, என்னைய ஒருக்காப் பாருங்க. பிரசரு பாருங்க. வேர்த்துச்சு எனக்கு, நெம்ப வேர்த்துச்சு."

பாத்துட்டாங்க. பிரசரு சரியா இருக்குதாம். நாடியும் சரியா இருக்குதாம். பயத்துல வேர்த்திருக்குது, வேற ஒண்ணும் இல்லை, போலாங்கய்யான்னு சொல்லிட்டாங்க. காச்சலடிச்சா மாத்திரை போட்டுக்கறதாம், ரெண்டு நாள்ல சரியாப் போயிருமாம். அவ்வளவுதானாம். அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க.

நீங்களும் எந்திருச்சுட்டீங்களா? போங்க தம்பி, போங்க. நேரமாச்சு உங்களுக்கு. இத்தனை நேரம் கேட்டதே பெருசு.

நான் எப்படிங்க எந்திரிக்கறது? உள்ள வர்றப்ப, சாமி ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் வந்தேன். மருதமலை முருகனை நெனச்சுக்கிட்டுத்தான் கையைக் குடுத்தேன். இப்ப ஒரு மயக்கமாச்சும் வந்திருக்கலாமில்லீங்களா? ரெண்டு தடிப்பாச்சும்? எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவளுக்கும் ஒண்ணும் ஆயிருக்காதுங்களே. வந்து இப்படி நாற்காலில உக்காந்து, தண்ணி குடிச்சுப்போட்டு, எந்திருச்சு ஊட்டுக்கு வந்திருப்பா. ஜாக்கெட் தெச்சிருப்பா.

பாப்பா போனைக் கையில வெச்சுட்டு உக்காந்திருப்பா. ஒண்ணும் ஆகல கண்ணுன்னு நான் எப்படிங்க அவகிட்டச் சொல்றது?

நீங்க போங்க தம்பி. நான் சித்த நேரம் இப்படியே உக்காந்திருக்கேன். சில பேருக்கு லேட்டா வருமாமில்லீங்களா?